வால்வு மாற்றிய பின் கண் இருட்டினால்

கேள்வி: என் தந்தைக்கு வயது 79. பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்ததால், நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் கதீட்டர் செலுத்திப் புது வால்வு பொருத்தினார்கள். இசிஜியில் இடது மின்கிளை அடைப்பு புதிதாகத் தெரிவதாகச் சொல்லி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம் என்றும் சொன்னார்கள். நேற்று நாற்காலியிலிருந்து எழுந்தவர் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சில நொடிகளில் சரியாகிவிட்டது. வால்வு வைத்ததில் தவறு நடந்துவிட்டதா?

பதில்: 'சில நொடிகளில் சரியாகிவிட்டது' என்று நீங்கள் ஆறுதலாக எழுதிய வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இதைப் படித்ததும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் வண்டி ஓட்டக் கூடாது. கிளம்புவதற்குள் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைகளுக்கு இறங்க ஒரே ஒரு பாதைதான் இருக்கிறது. அது பெருந்தமனி வால்வுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய தடுப்புச் சுவரை ஒட்டிச் சென்று வலது, இடது கிளைகளாகப் பிரிகிறது. புது வால்வின் உலோகச் சட்டம் விரியும்போது, பழைய வால்வில் படிந்த சுண்ணாம்புக் கட்டிகளையும் சேர்த்து அந்தச் சுவர்மீது அழுத்துகிறது. சிலருக்கு வீக்கம் வற்றியதும் பாதை திறந்துகொள்ளும். சிலருக்கு நாள் செல்லச் செல்ல அடைப்பு முற்றும். ஆகவே, பழுதில்லாமல் பொருத்திய வால்விலும் இது நேரலாம். 2019-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், பலூனால் விரியும் வால்வு வைத்தவர்களில் நூற்றுக்கு 6, 7 பேருக்கும், தானாக விரியும் வகை வைத்தவர்களில் சுமார் 17 பேருக்கும் 30 நாட்களுக்குள் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. வலது மின்கிளை அடைப்பு முன்பே இருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

இடது கிளை மட்டும் அடைபட்டிருந்தால் உடனே பேஸ்மேக்கர் வைப்பதில்லை. மேலிருந்து வரும் துடிப்பு கீழே இறங்காத முழு அடைப்பு ஓரிரு நாளாகியும் விலகாவிட்டால் நிரந்தரப் பேஸ்மேக்கர் வைப்பார்கள். உங்கள் தந்தைக்கு அடைப்போடு கண் இருட்டலும் சேர்ந்திருப்பதால், இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். தேவைப்பட்டால் மின்பாதைப் பரிசோதனையும் செய்வார்கள். ரத்த அழுத்தம் இறங்கியதாலும், தொடையில் ரத்தம் கசிந்ததாலும்கூட இப்படி ஆகலாம். அதை வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது.

போகும் வழியில் ஒன்று செய்யுங்கள். அவர் மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கம் மூன்று விரல்களை வைத்து, முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். முழு அடைப்பில் நாடி தடுமாறாமல், ஆனால் 30, 40 என்று மெதுவாக அடிக்கும். சீராக இருப்பதாலேயே பலர் ஏமாந்துவிடுகிறார்கள். எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை அவர் சாப்பிட்டு வரக்கூடும். நீங்களாக நிறுத்தாமல் சீட்டை எடுத்துச் செல்லுங்கள்.

பேஸ்மேக்கர் வைக்க நேர்ந்தால் அஞ்ச வேண்டாம். கழுத்தடியில் குறுக்காக ஓடும் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி அது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே பொருத்திவிடலாம். புது வால்வை அது தொந்தரவு செய்யாது.

அவசரப் பிரிவில் வயதையும் பெயரையும் சொல்லும் முன்பே, 'கதீட்டர் வழியாக வால்வு வைத்து இத்தனை நாள், நேற்று கண் இருட்டியது' என்று சொல்லுங்கள். வீடு திரும்பும்போது எடுத்த இசிஜி தாளையும் கையில் கொடுங்கள். இன்று எடுப்பதை அதோடு ஒப்பிட்டால்தான் அடைப்பு கூடியிருக்கிறதா என்பது தெரியும்.