நொய்யல் பக்கத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். பிளஸ் டூ உயிரியல் பிரிவில் தேறியிருக்கிறேன். நொய்யல் ஆற்றுத் தண்ணீரால் தாத்தாவின் தோட்டம் வீணான கதையைக் கேட்டே வளர்ந்தேன். பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க ஆசை. "அதைப் படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாய்? நர்சிங் சேர்" என்கிறார் அப்பா. எனக்கு வேதியியல் என்றால் பயம் வேறு. என்ன செய்யலாம்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அப்பா கேட்பது நியாயமான கேள்வி. பி.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்திலோ தனியார் ஆய்வகத்திலோ தண்ணீர் மாதிரி சோதிக்கும் வேலைதான் கிடைக்கும். தொடக்கச் சம்பளம் குறைவு. நல்ல பதவிகளுக்கு எம்.எஸ்சி. கேட்பார்கள். ஆகவே ஐந்து வருடப் படிப்பு என்றே கணக்குப் போடுங்கள். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத நிலை வீட்டில் இருந்தால், நர்சிங்கை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆனால் வேதியியல் பயத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். உங்கள் நொய்யலையே பாருங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் நிறைய உப்புப் போடுகிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு அப்படியே கழிவுநீரோடு வெளியே வரும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போய்விடலாம், கரைந்த உப்பு போகாது. எந்த நுண்ணுயிரியும் அதைத் தின்னாது. 1992-ல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் இந்தக் கழிவு தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு ஆர்.ஓ. எனும் சவ்வு வடிகட்டி வைத்து உப்பைப் பிரித்து, மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி, தேறும் தண்ணீரை மறுபடி பட்டறைக்கே அனுப்பும் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. பிளஸ் டூ வேதியியல் கைவசம் இருந்தால் இவ்வளவும் உங்களுக்கே விளங்கியிருக்கும்.

சரி, கல்லூரிக்கு வருவோம். வேலை நாளில் நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பார்க்கும் சோதனையை மாணவர்கள் தாங்களே செய்கிறார்களா என்று கேளுங்கள். எளிய சோதனைதான். பாட்டிலில் மாங்கனீசு சல்பேட்டையும் காரக் கரைசலையும் விட்டதும், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். ஆற்றில் மாதிரி எடுத்து வந்து இதைச் செய்யும் பிள்ளைகள் அங்கே இருந்தால் தயங்காமல் சேருங்கள். மூன்று வருடமும் வகுப்பில் குறிப்பு எழுதுவதுதான் படிப்பு என்றால் வேண்டாம். அதைவிட பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு எம்.எஸ்சி.யில் சுற்றுச்சூழலுக்கு வருவது எவ்வளவோ மேல். விலங்கியல், தாவரவியல் வழியாகவும் வரலாம். ஆனால் தண்ணீர்தான் உங்கள் அக்கறை என்பதால் நான் வேதியியலைச் சொல்கிறேன்.

அப்புறம், பாடத்திட்டத்தில் புள்ளியியல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து ஆற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. விண்ணப்பிக்கும் முன் இரண்டு மூன்று கல்லூரிகளின் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன்.