அந்த 2.8 உங்கள் நோயின் அளவு இல்லை

கேள்வி: ஊர் பெருந்துறைப் பக்கம்ங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மனச்சோர்வுக்கு ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கமும் பசியும் இப்போது பரவாயில்லை. ஒரு கவுன்சலிங் சென்டரில் 29 கேள்வித் தாளை நிரப்பச் சொன்னார்கள். ‘சுயகளங்கம் 2.8, அதிகம்’ என்று எழுதிக் கொடுத்து, பேக்கேஜ் கட்டினால் ஜீரோவாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். நோய் முற்றிவிட்டதா?

பதில்: இல்லைங்க. பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தத் தாளில் ஜீரோ என்பதே கிடையாது.

நீங்கள் சொல்வது 2003-இல் வெளிவந்த ஐ.எஸ்.எம்.ஐ. போலத் தெரிகிறது. மனநோய் வந்ததற்காகத் தன்னையே மட்டமாக நினைப்பதை, அதாவது சுயகளங்கத்தை, அளக்கும் தாள் அது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், கடைசியில் சராசரி. ஆகக் குறைந்தாலே 1 வரும். ஜீரோ என்பவருக்குத் தாளே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்ற தைரியம்.

நோய் எவ்வளவு என்பதை இது அளப்பதில்லை. அதற்கு பி.எச்.கியூ.-9 மாதிரி வேறு தாள் இருக்கிறது: கடந்த 2 வார அறிகுறிகள், 0 முதல் 27 வரை. ஐ.எஸ்.எம்.ஐ. கேட்பது, நோய் வந்ததற்காக நீங்கள் உங்களையே எவ்வளவு மட்டமாக நினைக்கிறீர்கள், ஆட்களை விட்டு எவ்வளவு ஒதுங்குகிறீர்கள் என்பதை. நோய் இறங்கிய பிறகும் இது உயரத்திலேயே நிற்கலாம். 2.5-க்கு மேல் போனால் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், அவ்வளவுதான்.

அதுவும் சரியாகக் கூட்டியிருந்தால். 29-இல் 5 கேள்விகள் தலைகீழ். ‘நோய் இருந்தாலும் நல்லபடியாக வாழ முடியும்’ என்ற மாதிரி வரும். அதற்கு முழுதாக ஒத்துக்கொண்டு 4 போட்டால் நல்ல சேதி. கூட்டும்போது அதை 1 ஆக்க வேண்டும், 3-ஐ 2 ஆக்க வேண்டும். திருப்பாமல் கூட்டினால் உங்கள் தைரியமே குறையாகக் கணக்கில் ஏறும். ஐந்துக்கும் 4 போட்டிருந்தீர்கள் என்று வையுங்கள்: 15 மதிப்பெண் கூடுதல், 29-ஆல் வகுத்தால் அரைக்கும் சற்று மேல். உங்கள் 2.8 உண்மையில் 2.3-க்குப் பக்கம்! சிலர் இந்த ஐந்தை விட்டுவிட்டு 24-க்கு மட்டும் சராசரி எடுப்பார்கள், அதுவும் முறைதான். எப்படிக் கூட்டினார்கள் என்று கேளுங்கள். முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கும். ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டுகிறவரை யாரும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் டாக்டர் ஒரு ஆளிடம் ஐந்து நிமிடம் பேசினாலே பெரிது. அந்தச் சந்தில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

கல்யாணத் தரகர் ‘மனநலச் சான்று’ கேட்டால் இந்தத் தாளைக் காட்ட வேண்டாம். இது சான்றே இல்லை. 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். மாப்பிள்ளையிடம் நீங்களாகச் சொல்வது வேறு, அதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

விடை எழுதிய தாளையே கேட்டு வாங்கி அடுத்த முறை டாக்டரிடம் கொடுங்கள், வெறும் எண்ணை அல்ல. அதுவரை மனசு கேட்காவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் அது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.