பகுதி எங்கே?

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கவுன்சலிங்குக்காக மூன்று கல்லூரிகளை என்.ஐ.ஆர்.எஃப். (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) விவரங்களை வைத்து எக்செல்லில் ஒப்பிட்டேன்: இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), கட்டணம், வாங்க வேண்டிய வங்கிக் கடன். எத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள் என்பதைச் சேர்க்கவில்லை. அவள் அரியர் வைக்கிற ரகம் இல்லை. மூன்றில் எது? ஹாஸ்டல் சாப்பாடும் கவலையாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ராத்திரி உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறீர்கள். உங்கள் மகள் கொடுத்துவைத்தவள். ஹாஸ்டல் சாப்பாட்டை விடுங்கள், எங்கே போனாலும் அதே சாம்பார்தான். ஆனால் ‘அரியர் வைக்கிற ரகம் இல்லை’ என்ற வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அது என்ன ரகம்?

என் சித்தி மகன் பள்ளியில் முதல் மாணவன், தமிழ்வழி. முதல் செமஸ்டரிலேயே கணக்கு போனது. அதை எழுதும்போது அடுத்ததில் ஒன்று போனது. கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு போய் நின்றான். அரியர் இருப்பவர்கள் ஓரமாக வாருங்கள் என்றார்கள். அந்த வருடம் கல்லூரி வாசலில் வைத்த பிளக்ஸில் சிரித்த முகங்களும் சம்பளமும் இருந்தன. ஓரமாகப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த பிளக்ஸும் சொல்லாது.

நீங்கள் எழுதியிருக்கும் சம்பளமும் அந்த பிளக்ஸ் மாதிரிதான். என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தை மறுபடி பாருங்கள். சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் என்று வரிசையாக இருக்கும். கடைசியில் வரும் இடைநிலைச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும். ஒரு பேச்சுக்கு, 480 பேர் சேர்ந்து, 300 பேர் முடித்து, 200 பேருக்கு வேலை கிடைத்தது என்று வையுங்கள். அந்தச் சம்பளம் 200 பேருடையது. மிச்சம் 280 பேரில் மேல்படிப்புக்குப் போனவர்களைக் கழியுங்கள். மற்றவர்கள் எங்கே? ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான்: மேலே இருக்கும் தொகுதியை மட்டும் வைத்துப் பின்னம் எழுத முடியாது, கீழே பகுதி வேண்டும். நீங்கள் சேர்க்காமல் விட்டது அந்தப் பகுதியைத்தான்.

கல்லூரிகளை ஒப்பிட அமெரிக்க அரசு நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்ட் தளத்தில் கடனுக்கும் ஓர் இடம் உண்டு. என்.ஐ.ஆர்.எஃப்.பில் அது இல்லை. நீங்களாகவே சேர்த்தீர்கள், நல்லது. ஆனால் அசலை மட்டும் போட்டிருக்கிறீர்கள். சித்தப்பாவும் அதையேதான் செய்தார். 4 லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள், பெற்றோர் கையெழுத்து போதும். வருடம் 1 லட்சம், 12 சதவீத வட்டி. படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, வட்டி உண்டு. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 60,000, அடுத்தடுத்த லட்சங்களுக்கு 48,000, 36,000, 24,000. கட்ட ஆரம்பிக்கும்போது 5,68,000. ஏழு வருடத்தில் அடைக்க மாதம் 10,000 சொச்சம். அவன் முதல் சம்பளம் 9,000. சித்தப்பா பாஸ்புக்கை ஜவுளிக்கடைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவார். மேனேஜர் முன் உட்காரமாட்டார், நின்றுகொண்டே பேசுவார்.

அரியரை அவன் பிறகு எழுதி முடித்தான். கடன் அதற்கும் நெடுநாள் கழித்துத்தான் முடிந்தது.

சரி, மூன்றில் எது என்றுதானே கேட்டீர்கள்? எக்செல்லில் விட்ட கட்டங்களை நிரப்பி, கடனை வட்டியோடு போட்டு அனுப்புங்கள். கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. மகளை விட்டே நிரப்பச் சொல்லுங்கள்.