தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை என்ன செய்வது?

சவுத்ஹாம்ப்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய தாத்தா முதல் உலகப் போர்க் காலத்தில் அக்விடேனியா கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகமும் (எந்தக் கப்பலில் எப்போது ஏறி இறங்கினார் என்று பதியும் மாலுமிப் புத்தகம்) சில குழுப் படங்களும் எங்களிடம் இருக்கின்றன. லேமினேட் செய்து வைக்கலாமா? கப்பலின் வரலாற்றுக்கு இவற்றால் ஏதாவது பயன் உண்டா?"

லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. செல்லோ டேப்பும் அப்படித்தான்.

பயன் நிறையவே உண்டு. 1914 மே மாதம் முதல் பயணம் புறப்பட்ட அக்விடேனியா, இரண்டு உலகப் போர்களிலும் படைவீரர்களைச் சுமந்தது, 1950-ல் உடைக்கப்பட்டது. இனி அதைத் தாள்களில்தான் பார்க்க முடியும். அந்தத் தாள்களிலும் ஓட்டை இருக்கிறது. பிரிட்டனில் 1857-லிருந்து முதல் உலகப் போர் முடியும்வரை சாதாரண மாலுமிகளுக்கான மையப் பதிவேடு எதுவும் இன்று இல்லை. தாத்தா எந்தெந்தக் கப்பலில், எந்தத் தேதியில் ஏறி இறங்கினார் என்பதை வரிசையாகச் சொல்ல, உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தை விட்டால் வேறு ஒன்று கிடைப்பது கடினம். (இன்றைய கப்பல்காரர்கள் சி.டி.சி. என்று சொல்வதும் இதே வகைப் புத்தகம்தான்.)

அதில் கப்பலின் பெயருக்கு அருகில் ஓர் எண் இருக்கும். அது கப்பலின் அதிகாரபூர்வ எண். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைவிட அதுதான் ஆவணக் காப்பகக் கதவுகளைத் திறக்கும். அதை வைத்துத் தேட வேண்டியது பணியாளர் ஒப்பந்தப் பட்டியலை. வேலைக்கு ஏறிய ஒவ்வொருவரின் வயது, பிறந்த ஊர், வீட்டு முகவரி, முந்தைய கப்பல், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். இந்தப் பட்டியல்களை ஆண்டு வரிசையில் படித்தால் கப்பலின் உள்வாழ்க்கையே தெரியும். 1919-ல், அக்விடேனியாவை நடத்திய குனார்ட் கம்பெனி தன் விரைவுக் கப்பல்களை லிவர்பூலிலிருந்து சவுத்ஹாம்ப்டனுக்கு மாற்றியது. அதன்பின் முகவரிகளும் தெற்கே நகரத் தொடங்கும். அடுத்து அக்விடேனியா கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. கரி தள்ளியவர்கள் கூட்டமாகப் பட்டியலிலிருந்து மறைந்துபோவார்கள். உங்கள் தாத்தா அதற்குப் பிறகு எந்தக் கப்பலுக்குப் போனார் என்று புத்தகத்தில் பாருங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள உண்மையிலேயே ஆசை.

1863 முதல் 1938 வரையான பட்டியல்களில் பெரும்பகுதி கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1925, 1935 போல ஐந்தில் முடியும் ஆண்டுகள் கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில். மாதிரிக்கு எடுத்த பத்தில் ஒரு பங்கு லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். புகழ்பெற்ற சில கப்பல்களின் தாள்களைக் கியூ தனியாக வைத்திருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். 1915 பட்டியல்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

உங்களுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பு, நீங்கள் இருக்கும் ஊரிலேயே. 1918 முதல் 1921 வரை மாலுமிகளுக்கு எழுதிய அட்டைகளில் புகைப்படமும் ஒட்டியிருப்பார்கள். அந்த மூல அட்டைகள் சவுத்ஹாம்ப்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தாவின் முகம் கிடைத்தால் குழுப் படத்தில் அவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, பாதுகாப்பு. வெற்றுப் பக்கங்களையும் அட்டையையும் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள். புத்தகத்தை அமிலமற்ற தாளில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பரணும் வேண்டாம், ஈரமான அடித்தளமும் வேண்டாம். படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள். படங்களையும் புத்தகத்தையும் உறவினர்களுக்குள் பிரித்துக் கொடுக்காதீர்கள்; பிரிந்தால் படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. குனார்ட் கம்பெனியின் ஆவணங்கள் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பிரதி வேண்டுமா என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், கணவர் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் இந்த வாரமே படங்களைக் காட்டி, அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துவிடுங்கள்.