வாடகையும் தரவில்லை, வீட்டையும் காலி செய்யவில்லை: கரண்டை நிறுத்தலாமா?

மண்டபம் பக்கம் வீடு, மூன்று மாத வாடகை பாக்கி, கேட்டால் போனை எடுப்பதில்லை, கரண்டை நிறுத்திவிட்டுப் பூட்டுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டது ஒத்திக்கா வாடகைக்கா என்று எழுதவில்லை. ஒத்தி என்றால் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டிய தனிச் சங்கதி. நான் வாடகை என்றே எடுத்துக்கொள்கிறேன். எழுத்தில் எதுவும் போட்டிருக்க மாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன். நம் பக்கத்தில் யார் போடுகிறோம்?

கரண்டில் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன்.

2021 நவம்பரில், அம்மா போன பிறகு பூட்டிக் கிடந்த மண்டபம் வீட்டை வாடகைக்கு விட்டேன். நான் ராமநாதபுரத்தில் இருக்கிறேன், அடிக்கடி போய்ப் பார்க்க முடியாது. அத்தை மகன்தான் ஆளைக் கூட்டிவந்தார். "நம்ம பையன்தான், போட்டில் வேலை, பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க" என்றார். மாதம் 6,000, முன்பணம் 18,000. சாவியைக் கொடுத்தேன். கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. வாடகையும் கையில் ரொக்கமாகத்தான் வந்தது.

மார்ச் வரை ஒழுங்காகக் கொடுத்தார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், "தடைக்காலம்க்கா, போட்டு கடலுக்குப் போகட்டும், மொத்தமாத் தந்துர்றேன்" என்று போனில் குரல் பதிவு அனுப்பினார். 61 நாள் விசைப்படகு கரையில் கிடந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும், நானும் இந்தக் கரையில் வளர்ந்தவள்தான். அதனால் ஜூன் 14 வரை நான் வாடகை என்று வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர்கள் எல்லாம் ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்று இங்கே பின்னூட்டம் போடப்போகிறவர்கள் இதையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஜூலையில் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டு, "உங்க வீட்டு வாசல்ல உப்புத் தண்ணி ஓடுது, என்னன்னு வந்து பாரு" என்றார். போனேன். குடும்பம் அங்கே இல்லை. கூடம் முழுக்க நீல நிற பிளாஸ்டிக் பேரல்கள். எனக்கு முதலில் வந்த பயம் கடலட்டை. 2001-இலிருந்து அது தடை செய்யப்பட்ட உயிரினம், வீட்டில் சிக்கினால் வனத்துறை வீட்டுக்காரரையும் தேடி வரும். கை நடுங்கத்தான் மூடியைத் திறந்தேன். காரலும் திருக்கையும் உப்பில் ஊறிக்கொண்டிருந்தன, கருவாட்டுக்கு. குடியிருக்க என்று வாங்கிய வீட்டை உப்புக் கிடங்காக்கிவிட்டார்.

அந்தத் தரை என் அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து மெருகேற்றிய சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. பேரல்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரல் நகத்தால் கீறினேன், சிவப்பு செதில் செதிலாகக் கையோடு வந்தது.

ஏற்கெனவே இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் அப்பாவை ஏமாற்றிக் கடல் மண்ணைக் கலந்துவிட்டிருந்தார். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருக்கிறது. கடலோரத்தில் வீடு கட்டுகிற யாராக இருந்தாலும் மணல் இறங்குகிற அன்று பக்கத்தில் நில்லுங்கள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தாலே சொல்லிவிடும். அப்பா அன்றைக்கு ஊரில் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆத்திரத்தில் பியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காவல் நிலையத்திலிருந்து போன். குழந்தைகள் இருக்கிற வீட்டில் கரண்டை நிறுத்திவிட்டேன் என்று அவர் புகார் கொடுத்திருக்கிறார். குடும்பமே அங்கே இல்லை என்று சொன்னேன். "அக்ரிமெண்ட் எங்கம்மா? குடியிருக்க மட்டும்னு எதுல எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். பாக்கி வைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகுதான் வக்கீலிடம் போனேன். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் கூடாது. அன்றே பியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு நோட்டீஸ் அனுப்பினோம். என் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தடைக்காலக் குரல் பதிவுதான். வாடகைக்கு இருக்கிறேன், பாக்கி இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். வழக்குக்குப் போகாமல் பேசிப் பேசி டிசம்பர் கடைசியில் காலி செய்தார். ஒன்பது மாத பாக்கி 54,000. முன்பணத்தைக் கழித்து 36,000 போனது போனதுதான். தரைக்கு ஆன செலவு தனி.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தாலே காலி செய்யக் கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதலில் பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போட வேண்டும், அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியும் வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் செல்லாது, கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம். குத்தகைக் காலம் முடிந்த பிறகும் வெளியேறாமல் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். வேறு எதற்கோ வீட்டைப் பயன்படுத்தினால் அதுவும் தனிக் காரணம். பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவருக்கே என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியில் இருக்கிறவர், அவருக்கு அந்த உரிமை வராது.

பதினொரு மாதத்துக்குப் பத்திரத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்வதும் இப்போது போதாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். முன்பணத்துக்குச் சட்டம் பொதுவாக வைத்திருக்கிற வரம்பு மூன்று மாத வாடகை. இப்போது இருக்கிறவர்களோடு நான் போட்ட ஒப்பந்தத்தில் "குடியிருக்க மட்டும், மீன், உப்பு, ஐஸ் பெட்டி, படகு இன்ஜின் வைக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. சாவி கொடுப்பதற்கு முன் ஒவ்வோர் அறையின் தரையையும் சன்னல் கம்பியையும் இருவருமாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டோம். அவர்கள் இதற்கு வருத்தப்படவே இல்லை, கடல்காற்றில் தானாகத் துருப்பிடிக்கிற கம்பிக்குத் தங்களிடம் காசு கேட்க மாட்டேன் என்று அவர்களுக்கும் நிம்மதி.

நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். போகும்போது வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், அவர் அனுப்பிய செய்திகள், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல் தடவை வெறுங்கையோடு போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து தேட வேண்டியதாயிற்று.