பைமட்டூனிங் நீர்த்தேக்கத்தில் வால்ஐயும் பாஸும்: மேட்டூரிலிருந்து வந்தவருக்கு ஒரு பதில்

தம்பி, வேலை நிமித்தம் பிட்ஸ்பர்க் வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை என்றும், மேட்டூரில் வளர்ந்த நாட்களில் காவிரிக் கரையில் தூண்டில் போட்டுப் பழகியவர் என்றும், அலுவலகத்தில் உடன் பணிபுரிவோர் திங்கட்கிழமை ஆனால் பைமட்டூனிங் நீர்த்தேக்கத்தில் பிடித்த வால்ஐ, பாஸ் மீன்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். குடியுரிமை இல்லாதவர் அங்கே மீன் பிடிக்கலாமா, படகு இல்லாமல் போனால் பயன் உண்டா, அந்த மீன்கள் நம் சமையலுக்கு ஆகுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இப்பகுதியில் குடியேறிப் பல ஆண்டுகளாக அந்த ஏரிக்குப் போய்வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை எளிது. பென்சில்வேனியாவில் 16 வயது நிறைந்த எவரும் தூண்டில் போடுவதற்கு மாநில மீன் மற்றும் படகு ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமம் நீங்கள் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறது. மாநில ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தால் உள்ளூர்வாசிக்கு உரிய கட்டணத்திலேயே ஆணையத்தின் இணையதளத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆண்டு உரிமம் எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும் என்பதால், இலையுதிர் காலத்தில் வாங்குவதைவிட ஆண்டின் தொடக்கத்தில் வாங்குவது நல்லது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஏரி பென்சில்வேனியாவுக்கும் ஒஹாயோவுக்கும் நடுவே கிடக்கிறது. படகில் இருந்தால் இரண்டில் எந்த மாநிலத்தின் உரிமம் இருந்தாலும் நீர்ப்பரப்பு முழுவதும் மீன் பிடிக்கலாம். கரையில் நின்று பிடிப்பதாயின் அந்தக் கரை எந்த மாநிலத்துக்கு உரியதோ அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும்.

இனி ஏரியைப் பற்றி. மேட்டூர்க்காரருக்கு ஒரு வியப்பான செய்தி: உங்கள் ஊர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட அதே 1934ஆம் ஆண்டில்தான் பைமட்டூனிங் அணையும் திறக்கப்பட்டது. ஆனால் ஒற்றுமை அந்த அளவோடு நின்றுவிடுகிறது. ஷெனாங்கோ ஆற்றின் தலைப்பகுதியில் இருந்த பெரிய சதுப்பு நிலத்தை மூழ்கடித்து, கீழே உள்ள ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் சீராக நீர் கிடைக்கவும் வெள்ளத்தைத் தடுக்கவும் கட்டிய அணை இது. மேட்டூரில் 120 அடி என்ற கணக்கைக் கேட்டே வளர்ந்தவருக்கு, இங்கே மிக ஆழமான இடமே ஏறத்தாழ 35 அடிதான் என்றால் நம்புவது கடினம். பரப்போ சுமார் 17,000 ஏக்கர். மேட்டூரில் பாதிக்கும் குறைவுதான் என்றாலும் கரையில் நின்று பார்த்தால் கடல்போல் விரிகிறது. நீர்மட்டமும் மேட்டூரில் ஏறி இறங்குவதைப் போல் இங்கே ஏறி இறங்குவதில்லை. கோடையில் அணை வற்றும்போது மீன்கள் ஒரு மடுவில் வந்து சேரும் என்று காத்திருக்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால், அதை இங்கே மறந்துவிட வேண்டியதுதான்.

ஆழம் குறைந்த, பரந்த, சற்றே கலங்கிய நீர் என்பதிலிருந்துதான் மற்றவை எல்லாம் பிறக்கின்றன. காற்று எழுந்தால் சிறிது நேரத்திலேயே அலை உயர்ந்துவிடும். அடியில் பழைய மரக்கட்டைகள் பல இடங்களில் கிடக்கின்றன. படகு இயந்திரத்துக்கு 20 குதிரைத்திறன் என்ற வரம்பு இருப்பதால், வேறு ஏரிகளில் காதைக் கிழித்துக்கொண்டு பறக்கும் வேகப் படகுகளின் தொல்லை இங்கே இல்லை. இந்த ஏரியை நான் விரும்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வால்ஐ மீனைப் புரிந்துகொள்ள அதன் கண்ணைப் பார்த்தால் போதும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அதற்கு உண்டு; இரவில் விளக்கு வெளிச்சம் பட்டால் பூனையின் கண்போல் மின்னுவது அதனால்தான். மங்கலான ஒளியில் இரையாகும் சிறு மீன்களுக்குக் கண் தெரியாத நேரத்தில் இதற்கு நன்றாகத் தெரிகிறது. ஆகவே அது வேட்டையாடும் நேரம் அந்தியும் விடியலும் இரவும். வெயில் ஏறிய நேரத்தில் ஆழத்தில் அடியோடு அடியாக ஒதுங்கிவிடும். வானம் மூடியிருக்கும் நாளும், காற்றடித்து அலை நீரைக் கலக்கும் நாளும் இதற்கு விதிவிலக்கு, ஏனெனில் அப்போது பகலிலேயே ஒளி உள்ளே இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் காலை உணவை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பி, நண்பகலில் தூண்டிலை வீசி, மாலை நான்கு மணிக்குத் திரும்புகிற நம்மவர்கள் 'அந்த ஏரியில் ஒன்றுமே இல்லை' என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் திரும்பும் நேரத்தில்தான் உள்ளூர்க்காரர்கள் வந்து இறங்குகிறார்கள்.

பருவமும் முக்கியம். பனிக்கட்டி உருகியபின் ஏப்ரல் வாக்கில் வால்ஐ முட்டையிடுவதற்காகக் கல்லும் சரளையும் நிறைந்த ஆழமற்ற இடங்களைத் தேடி வருகிறது. அந்த நேரத்தில் ஆணையத்தின் பணியாளர்கள் இந்த ஏரியிலேயே வலை வைத்துத் தாய் மீன்களைப் பிடித்து, முட்டைகளை எடுத்து லைன்ஸ்வில் ஊரில் உள்ள குஞ்சு பொரிப்பகத்தில் பொரிக்க வைக்கிறார்கள். மாநிலத்தின் மற்ற ஏரிகளுக்குப் போகும் வால்ஐக் குஞ்சுகளுக்கும் இதுவே தாய்வீடு. ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை அந்தி நேரத்தில் கரையில் நிற்பவருக்கும் மீன் எட்டுகிறது. ஜூலை, ஆகஸ்டில் படகு உள்ளவர்கள் கரையிலிருந்து விலகிச் சென்று, சுழலும் தகடு கோத்த முள்ளில் மண்புழுவை மாட்டி மெல்ல இழுத்துப் போகிறார்கள். அக்டோபரில் நீர் குளிர்ந்தபின் மீன் மறுபடியும் கரையை நெருங்குகிறது.

மேட்டூரில் மாவு உருண்டையைப் போட்டுவிட்டுத் தக்கை அசையும் வரை உட்கார்ந்திருப்பது கெண்டைக்கு ஏற்ற முறை. வால்ஐ இரையைத் துரத்திப் பிடிக்கும் மீன். அதற்கு இரை நகர வேண்டும், அதுவும் அடித்தரையை ஒட்டி நகர வேண்டும். தலையில் ஈயம் வார்த்த முள்ளை இங்கே ஜிக் என்பார்கள். அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு எடையுள்ள ஜிக்கில் உயிருள்ள சிறு மீனையோ மண்புழுவையோ மாட்டி, எட்டுப் பவுண்டு தாங்கும் நரம்பில் கட்டி வீசுங்கள். அது தரையைத் தொட்டதும் நரம்பு தளரும். பிறகு ஒரு சாண் தூக்கி, மீண்டும் தரையைத் தொட விட்டு, கொஞ்சம் சுற்றி, மறுபடி தூக்க வேண்டும். வால்ஐ வெடுக்கென்று இழுப்பதில்லை. ஈரத் துணி முள்ளில் மாட்டியதுபோல் ஒரு கனம் மட்டும் தெரியும். அந்தக் கனத்தை உணரக் கை பழகுவதற்குச் சில மாலைகள் ஆகும். கரைக்கு வந்தபின் வாய்க்குள் விரலை விட்டுவிடாதீர்கள்; நாய்ப்பல் போன்ற கூரிய பற்கள் உண்டு, செவுள் மூடியின் விளிம்பும் முதுகு முள்ளும் கையைக் கிழிக்கும்.

பாஸ் வேறு ஜாதி. ஏரியில் லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்ற இரண்டு வகையும் உண்டு. முன்னது அல்லி இலைகளும் நீர்ப்பாசியும் மரக்கட்டைகளும் உள்ள தேங்கிய மூலைகளிலும், பின்னது பாறையும் சரளையும் உள்ள கரைகளிலும் வாழ்கிறது. இவை கண்ணால் பார்த்துப் பகலிலும் தாக்கும் மீன்கள் என்பதால், குழந்தைகளோடு பகலில் போகிறவர் பாஸைத் தேடுவதே அறிவு. ரப்பர் புழு ஒன்றை எடையில்லாமல் அல்லி இலையின் விளிம்பில் விழ வைத்து, அது தானே மூழ்கும்வரை கையை அசைக்காமல் இருந்தால் போதும். இதன் பற்கள் அரம்போல் சொரசொரப்பாக இருக்குமே தவிரக் கடிக்காது; கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கலாம். மே, ஜூன் மாதங்களில் ஆண் மீன் ஆழமற்ற நீரில் கூடு தோண்டி முட்டைகளைக் காவல் காக்கும். கரையிலிருந்தே தெரியும் அந்த மீனைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் போன சிறிது நேரத்தில் சின்ன மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். அதைத் தொடாமல் விடுவதே முறை என்பது என் கருத்து.

படகு பற்றிக் கேட்டீர்கள். முதல் ஆண்டில் வாங்காதீர்கள். எஸ்பிவில்லிலிருந்து ஒஹாயோவின் ஆண்டோவருக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே கட்டிய கற்கரையின் மேல் போகிறது. கரையில் நிற்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, ஏனெனில் இரண்டு பக்கமும் கல், அருகிலேயே ஆழம். ஏரி முழுவதையும் சுற்றித் தேடுவதைவிட அந்த ஓர் இடத்துக்கு வெவ்வேறு காற்றிலும் வெவ்வேறு மாதத்திலும் போய்வந்தால் அதிகம் கற்றுக்கொள்வீர்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மாநிலப் பூங்காவின் படகுத்துறைகளில் வாடகைக்கு எடுக்கலாம். 1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்டப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. இந்த ஏரியின் வரம்பே 20 என்பதால் அந்தச் சிக்கல் எழாது. ஆனால் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 16 அடிக்குக் குறைந்த படகிலும் கயாக்கிலும் உயிர்காப்புச் சட்டையை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். காவிரியில் நீந்தி வளர்ந்தவன் என்று நினைத்து அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஏப்ரல் மாதத்து நீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் சில நிமிடங்களில் கைகால் இயங்காது.

சமையலுக்கு வால்ஐ உகந்தது. வெண்மையான, வாடை குறைந்த, முள் குறைந்த சதை. மிளகாய்த் தூளும் மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் தடவி இரும்புத் தோசைக்கல்லில் வறுத்தால் ஊர் மீனுக்கு ஏங்க மாட்டீர்கள். குழம்பில் போடுவதாயின் தோலோடு குறுக்கே துண்டு போடுங்கள். தோல் உரித்த சதைப் பாளம் புளிக்குழம்பில் உதிர்ந்துவிடும். பாஸையும் தின்னலாம், ஆனால் கோடையில் பாசிக்குள் வாழ்ந்த லார்ஜ்மவுத்தில் சேற்று வாடை இருக்கும். பெரும்பாலான உள்ளூர்க்காரர்கள் அதைப் பிடித்து உடனே திரும்ப விட்டுவிடுகிறார்கள். உயிரோடு விடுவதற்காக ஏன் பிடிக்க வேண்டும் என்று நம்மவர்களுக்குத் தோன்றும், எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. இருந்தாலும் அவர்கள் முன்னால் ஒரு பெரிய பாஸை வாளியில் போட்டால் முகம் சுளிப்பார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாதரசம் முதலியவற்றைக் கருதி, மாநிலத்தில் பிடிக்கும் மீனை வாரம் ஒரு வேளை, அரைப் பவுண்டுக்கு மேல் உண்ண வேண்டாம் என்று பென்சில்வேனியா அரசு பொதுவாக அறிவுறுத்துகிறது. வீட்டில் கருவுற்றவரோ சிறு குழந்தையோ இருந்தால் அந்த அறிவுரையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயது முதிர்ந்த பெரிய வால்ஐயில்தான் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும், நடுத்தர அளவே நாவுக்கும் உடலுக்கும் நல்லது.

இந்த ஏரியில் வால்ஐ ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். குறைந்த நீளம் 15 அங்குலம், நாளொன்றுக்கு ஒருவருக்கு ஆறு என்பது எனக்குத் தெரிந்த விதி. விதிகள் மாறக்கூடியவை ஆகையால் போகுமுன் ஆணையத்தின் அவ்வாண்டுக் கையேட்டைப் பாருங்கள். நீர்க்கரையிலேயே தலையையும் வாலையும் வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தம் செய்துகொண்டு வரும் பழக்கம் இங்கே குற்றமாகும், அளவைச் சரிபார்க்க மீன் முழுதாக இருக்க வேண்டும். குடலை மட்டும் எடுத்துவிட்டு, மீதி வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்துக்குப் பணம் கட்டுமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றால், ஜூலை 4 அன்று மாநிலம் முழுவதும் உரிமம் இல்லாமலே தூண்டில் போடலாம். மற்ற விதிகள் அன்றும் பொருந்தும். பகலில் லைன்ஸ்வில் மதகருகே ரொட்டிக்காக முட்டி மோதும் கெண்டைக் கூட்டத்தின் முதுகில் வாத்துகள் நடந்து போவதைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, நான்கு மணிக்குக் கிளம்பிவிடாமல், இருட்டும்வரை அந்தக் கற்கரையில் இருந்து பாருங்கள்.