காசில் உள்ள முகம் ஜஸ்டினியனுடையதுதானா?

இத்தாலியின் ராவென்னா நகரில், சான் விட்டாலே தேவாலய மொசைக்கில் (வண்ணச் சில்லுகள் பதித்த சுவரோவியம்) உள்ள பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனின் முகம் உங்கள் செப்புக்காசில் இல்லை, அதனால் போலியோ என்று கேட்டிருந்தீர்கள். அதை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம். மொசைக்கில் தெரிவது களைத்த, தனி மனிதனின் முகம். காசில் இருப்பதோ பதவியின் முகம்: தலைக்கவசம், கையில் சிலுவை வைத்த உருண்டை. அச்சு வெட்டியவருக்குச் சாயல் முக்கியமில்லை.

காசைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் பெரிய 'எம்' எழுத்து இருக்கும். 40 நும்மி (அக்காலத்தின் மிகச் சிறிய நாணய அலகு) மதிப்பு என்று பொருள். அதன் வலப்பக்கம் மேலிருந்து கீழாக ரோமன் எண்ணில் ஆட்சியாண்டு. தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் அச்சான காசுகளில் முன்நோக்கிய முகமும் ஆண்டுக்குறிப்பும் சேர்ந்து வந்தது 12ஆம் ஆண்டில், அதாவது 538-539இல். அதற்கு முந்தைய காசுகளில் பக்கவாட்டு முகம்தான், ஆண்டு கிடையாது. ஜஸ்டினியன் 565இல், தன் 39ஆம் ஆட்சியாண்டில் இறந்தார். எனவே 39ஐத் தாண்டிய எண் இருந்தால் நிச்சயம் யோசிக்க வேண்டும். அரியணையில் இருவர் அமர்ந்திருந்தால் அது பெரும்பாலும் அடுத்து வந்த இரண்டாம் ஜஸ்டினும் அரசி சோஃபியாவும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து, அந்த எண்ணைப் பதிவிடுங்கள்.